மூளையின் கடைமடை

“அப்பாவுக்குப் போன வருசம் வாதம் அடிச்சுது. இந்த வருசம் ஞாபகம் தப்பிப் போச்சு. சுகரா? அது எப்பவும் இருக்கிறதுதான்.”

காரைக்கால்மேடு போன்ற ஒரு கடலோர ஊரில், வயதானவர் இருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இந்த மூன்று வாக்கியங்களும் ஏறக்குறைய இதே வரிசையில் காதில் விழும். வாதம் ஒரு விபத்தைப் போலச் சொல்லப்படும். மறதி முதுமையின் கணக்கில் எழுதப்படும். சுகரோ, வீட்டில் நெடுநாள் தங்கிவிட்ட உறவினரைப் போல யாரும் பொருட்படுத்தாத ஒன்றாக ஆகியிருக்கும். மருத்துவம் இந்தக் கதையைப் படிக்கும் வரிசை வேறு. கடைசி வாக்கியம்தான் அங்கே முதல் வாக்கியம். மற்ற இரண்டும் பல ஆண்டுகள் கழித்து அதிலிருந்து கிளம்புபவை.

காரைக்கால் ஒரு தனித்த துண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு இணைந்த நிலம். நிர்வாகம் 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். சுற்றிலும் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள். நகரை ஒட்டிய கடற்கரையில் இருக்கும் மீனவ ஊர்தான் காரைக்கால்மேடு. 2023 ஜூனில் வெளிவந்த ஒரு ஆய்வறிக்கை இந்தப் பகுதி மக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக, சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர்கள் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் குழுவினர் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரைச் சோதித்து எழுதியது அது. நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய், வயதுவந்தோரில் 11.4 விழுக்காடு. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் கோவாவுக்கு, 26.4. அடுத்த இடம் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு, 26.3. கேரளம் மூன்றாவது. பக்கத்துத் தமிழ்நாட்டில்கூட 14.4தான்.

நாலு பேரில் ஒருவர். காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்ந்த புதுச்சேரியின் கணக்கு இது. இத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கும் இடத்தில் கால் புண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள், சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், கண்ணைப் பற்றியும் பேசுகிறார்கள். மூளையைப் பற்றிப் பேசுபவர் குறைவு.

மனித மூளை உடல் எடையில் 2 விழுக்காடுதான். உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. தனக்கென்று சேமிப்பு ஏதும் வைத்துக்கொள்ளாத உறுப்பு அது; நொடிக்கு நொடி ரத்தம் வந்தாக வேண்டும். அந்த ரத்தத்தைக் கொண்டுசேர்க்கும் நுண்குழாய்களை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வரும். காரைக்காலிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம்.

எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி ரத்தம் போவதில்லை. மூளையின் மேற்பரப்பில் குழாய்கள் ஒன்றோடொன்று கைகோத்திருக்கும். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியாகக் கொஞ்சமாவது வந்துவிடும். அடியாழத்தில் நிலைமை அப்படியில்லை. பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரியும் மெல்லிய கிளைகள் ஆழத்துக்குள் இறங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அவற்றுக்கு மாற்றுவழி கிடையாது. காவிரி டெல்டாவில் பிறந்தவருக்கு இதை ஒரே சொல்லில் புரியவைக்கலாம்: கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டிக் கடைசியாக வந்துசேரும் நிலம் காரைக்கால். 2007இல் காவிரி நடுவர் மன்றம் அதற்கென 7 டி.எம்.சி. ஒதுக்கியது. ஆனாலும் மேலே வாய்க்கால் தூர்ந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான் என்பது இங்குள்ள எந்த விவசாயிக்கும் தெரியும். மூளையின் கடைமடை, நரம்பு இழைகள் கட்டுக்கட்டாக ஓடும் வெண்பகுதியும், அதன் நடுவே இருக்கும் தாலமஸ் முதலிய முடிச்சுகளும்.

வாய்க்காலைத் தூர்ப்பது எது? ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருக்கும்போது அது புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதச் சர்க்கரை என்று மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எச்.பி.ஏ.1.சி. சோதனை அளப்பது, ரத்தச் சிவப்பணுவில் இப்படி ஒட்டிய சர்க்கரையைத்தான். அதே ஒட்டுதல் குழாய்ச் சுவரிலும் நடக்கிறது. குழாயின் உட்படலம் தேவைப்படும்போது விரிந்துகொடுக்கும் தன்மையை இழக்கிறது, சுவர் தடிக்கிறது, உள்வழி சுருங்குகிறது. இதோடு ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். பெரும்பாலும் சேர்ந்துகொள்ளத்தான் செய்கிறது. மேற்சொன்ன அதே ஆய்வில் இந்தியரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். கண்ணின் விழித்திரையில் சர்க்கரையால் கசிவு என்றோ சிறுநீரில் புரதம் போகிறது என்றோ மருத்துவர் சொன்னால், அது அந்த உறுப்புகளைப் பற்றிய செய்தி மட்டும் அல்ல. மூளையின் நுண்குழாய்களும் அதே பருமன், அதே வயது, அதே ரத்தத்தில் நனைபவை.

பெரிய குழாய் அடைத்தால் ஊரறிய நடக்கும். வாய் கோணும், கை துவளும், பேச்சு குழறும். 2010இல் லான்செட் இதழ் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி வெளியிட்ட கணக்கின்படி, சர்க்கரை நோய் உள்ளவருக்கு அடைப்பினால் வரும் பக்கவாதத்தின் வாய்ப்பு மற்றவரைப்போல 2.27 மடங்கு, ரத்தக்கசிவினால் வருவது 1.56 மடங்கு. பெரிய அடைப்பு ஏற்பட்டபின் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு உள்ள அவகாசம் நாலரை மணி நேரம். அதற்குள் ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். கசிவு இருக்கும்போது அந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. கடலுக்குள் படகில் இருப்பவருக்கு நேர்ந்தால் கரை திரும்பவே அந்த அவகாசம் போய்விடலாம். கரையில் இருப்பவருக்கு நேர்ந்து, எண்ணெய் தேய்த்துக் காலை வரை பார்ப்போம் என்று வீட்டார் காத்திருந்தாலும் கணக்கு அதேதான்.

ஆனால் இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய வாதம், யாருக்கும் தெரியாமல் வரும் வாதம்.

பிரான்சில் 1840களில் மாக்சிம் துரான்ஃபர்டெல் என்ற மருத்துவர், இறந்த முதியவர்களின் மூளையைத் திறந்து பார்த்தபோது ஆழத்தில் பயறளவு சிறு குழிகளைக் கண்டு அவற்றை ‘லக்கூன்’ என்ற பெயரில் விவரித்தார். குழி என்பதே அந்தச் சொல்லின் பொருள். 1901இல் பியேர் மாரி அத்தகைய குழிகள் நிறைந்த மூளையுடையவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று விரிவாக எழுதினார். சிறு அடி வைத்து நடப்பார்கள், பேச்சு தடிக்கும், புத்தி மங்கும். ஒவ்வொரு குழியும் ஒரு கடைமடை வாய்க்கால் அடைத்து, அது நனைத்த சிறு துண்டு நிலம் காய்ந்துபோன இடம். அடைத்த அன்று அவருக்குத் தலை லேசாகச் சுற்றியிருக்கலாம். பலருக்கு அதுகூட இராது.

காரைக்கால்மேட்டில் முப்பது ஆண்டு கூடையில் மீன் விற்ற ஓர் அம்மாவை மனத்தில் வைத்துப் பாருங்கள். ஏலத்தில் எடுத்த விலை, ஐஸுக்குக் கொடுத்தது, ஆட்டோவுக்குக் கொடுத்தது, எந்தத் தெருவில் யார் எவ்வளவு கடன் என எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். எழுத்து வாசனை இல்லாமலே நான்கு கணக்குகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது மூளையின் முன்பகுதி செய்யும் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. முன்பகுதிக்கும் மற்ற பகுதிகளுக்கும் இடையே செய்தி ஓடும் வழிகள் அந்த வெண்பகுதியில் இருக்கின்றன. குழிகள் பெருகும்போது முதலில் போவது பெயர்களும் முகங்களும் அல்ல, இந்த ஓட்டம். அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் தெரியும். சில்லறை கொடுப்பதில் தடுமாறுவார். ஒன்றைத் தொடங்கி முடிக்காமல் விடுவார். நடை மெதுவாகும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும், எதிலும் பிடிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். ஞாபகம்தான் நன்றாக இருக்கிறதே என்று வீட்டார் இதை நோயாகவே எண்ணுவதில்லை. வயசாச்சு, அலுத்துப்போச்சு என்பார்கள். ரத்தக்குழாய் வழி வரும் மறதி நோயின் முகம் இதுதான்.

சரி, அல்சைமர் நோய் வேறுதானே என்று கேட்கலாம். ஏட்டில் வேறுதான். ஆனால் ஒரே மூளையில் இரண்டும் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதை அமெரிக்கக் கன்னியர் சிலர் உலகுக்குக் காட்டினார்கள். தங்கள் மூளையை இறந்தபின் ஆய்வுக்குத் தர நோத்ரதாம் சபைக் கன்னியர் இசைந்தார்கள். டேவிட் ஸ்னோடன் 1997இல் அவர்களில் 102 பேரின் மூளைகளைப் பற்றி எழுதினார். 61 பேரின் மூளையில் அல்சைமருக்குரிய படிவுகள் இருந்தன. அவர்களில் பலர் உயிரோடிருந்தபோது தெளிவாகவே இருந்தவர்கள். அதே படிவுகளோடு ஆழத்தில் ஒன்றிரண்டு சிறு குழிகளும் இருந்தவர்களிடம் மறதி நோய் மிக அதிகம். தனியாக ஒரு குழி தாங்கக்கூடியது, தனியாகப் படிவும் ஓரளவு தாங்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் மூளை தாங்குவதில்லை. சர்க்கரை இரண்டு பக்கமும் கைவைக்கிறது என்பதற்கு வேறு தடயமும் உண்டு. இன்சுலினைச் சிதைக்கும் அதே நொதிதான் அல்சைமரில் படியும் பீட்டா அமிலாய்டு புரதத்தையும் சிதைக்கிறது. இன்சுலின் மிகுந்து கிடக்கும் உடலில் அந்த நொதிக்கு வேலைப்பளு கூடுகிறது என்பது ஒரு கருதுகோள்; இன்னும் முடிவாகவில்லை.

வாதத்துக்கும் மறதிக்கும் உள்ள நேரடித் தொடர்பில் அத்தகைய தயக்கம் தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் சாரா பெண்டில்பரி, பீட்டர் ராத்வெல் இருவரும் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முதல் வாதம் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே மறதி நோய் இருந்தது. இன்னொரு பத்தில் ஒருவருக்கு வாதத்தை ஒட்டி அது வந்தது. இரண்டாம் வாதமும் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். ஒரு முறை வாதம் கண்டு எழுந்தவருக்கு அடுத்தது வராமல் காப்பது கை காலைக் காப்பதற்காக மட்டும் அல்ல என்பதை இந்த எண்களைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

சர்க்கரை எந்த வயதில் வந்தது என்பதும் பெரிய விஷயம். லண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ‘வைட்ஹால்’ ஆய்வு 2021இல் சொன்னது இது: 70 வயதுக்காரர்களை எடுத்துக்கொண்டால், சர்க்கரை ஐந்தாண்டு முன்னதாக வந்த ஒவ்வொரு படிக்கும் மறதி நோயின் வாய்ப்பு 24 விழுக்காடு கூடுகிறது. பத்தாண்டுக்கு மேல் சர்க்கரையோடு வாழ்ந்து 70ஐத் தொட்டவருக்கு இரு மடங்கு. தென்னாசியருக்கு ஐரோப்பியரைவிட ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே சர்க்கரை வந்துவிடுகிறது. 38 வயதில் சுகர் என்று கேள்விப்பட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு போகும் ஒருவரிடம் அவருடைய 70 வயதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? பேச வேண்டும்.

காரைக்கால்மேட்டுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரையை அடித்துப் போட்ட சுனாமியில் இழந்த உறவுகளும் வீடுகளும். அதன்பின் பலர் புது இடத்தில், புது அண்டை வீட்டாரோடு குடியமர்ந்தார்கள். ஜப்பானில் இவனுமா நகரின் முதியவர்களிடம் 2011 மார்ச் சுனாமிக்கு ஏழு மாதம் முன்பு, வேறொரு காரணத்துக்காக, ஒரு விரிவான கணக்கெடுப்பு நடந்திருந்தது. ஹார்வர்டின் ஹிரோயுகி ஹிக்கிச்சி குழுவினர் 2013இல் அதே 3,566 பேரை மீண்டும் பார்த்தார்கள். வீடு முற்றாக அழிந்தவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சரிந்திருந்தது. அவர்களுக்கு மனச்சோர்வு கூடியிருந்தது, நண்பர்களோடும் அண்டை வீட்டாரோடும் பழகுவது குறைந்திருந்தது. அந்த முதியவர்கள் திண்ணையையும், அங்கே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பவர்களையும் சேர்த்தே இழந்திருந்தார்கள். மறுகுடியமர்த்தலைத் திட்டமிடுவோர் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி. தனிமையும் மறதிக்குக் காரணம் என்று இப்போது மருத்துவமே ஒப்புக்கொள்கிறது. மாற்றக்கூடிய காரணங்களாக 2024 லான்செட் குழு பட்டியலிட்ட 14இல் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, மிகுதியான மது ஆகியவற்றோடு தனிமையும் இருக்கிறது. அத்தனையையும் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் 45 விழுக்காடு வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. வரி குறைவால் மது மலிவாகக் கிடைக்கும் காரைக்காலில், அந்தப் பட்டியலைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

அடுத்து உப்பு. கருவாடும் ஊறுகாயும் இல்லாத பழைய சோற்றை இந்தக் கரையில் எண்ணிப் பார்ப்பது கடினம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கருவாட்டுக் குழம்பு நாளில் அது காலையிலேயே தாண்டிவிடும். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த சோதனையில், ஏற்கெனவே வாதம் கண்டவர்கள் அல்லது 60 வயதோ அதற்கு மேலோ ஆகி அழுத்தம் மிகுந்தவர்கள், பாதிக் கிராமங்களில் சமையலுக்குச் சோடியம் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தினார்கள். வாதம் 14 விழுக்காடு குறைந்தது. செய்தது உப்பை மாற்றியது ஒன்றுதான். ஆனால் சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசிய உப்பு ஆபத்து. மருத்துவரிடம் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. கருவாட்டைக் குறைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சர்க்கரையை முரட்டுத்தனமாகக் குறைத்துவிட்டால் மூளை காப்பாற்றப்படும் என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்காவின் ‘அக்கார்ட்’ சோதனை அதைத்தான் செய்துபார்த்தது. கடுமையாகக் குறைத்த பிரிவில் இறப்புகள் கூடியதால் 2008இல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். 40 மாதங்களில் அவர்களின் நினைவாற்றலிலும் வேறுபாடு இல்லை. கலிஃபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, சர்க்கரை மிகத் தாழ்ந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவர்களுக்கு மறதி நோய் அதிகமாக இருந்தது. மூன்று முறையோ அதற்கு மேலோ அப்படி நேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பும் பழக்கம் ஏன் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

நிச்சயமாகக் கைகொடுப்பது ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. இதற்குச் சான்றும் கிராமத்திலிருந்துதான் வந்தது. சீனாவின் 326 கிராமங்களில் கிட்டத்தட்ட 34,000 பேர். பெரிய மருத்துவர்கள் இல்லை. சிறு பயிற்சி பெற்ற கிராம வைத்தியர்கள் வீடு தெரிந்து, ஆள் தெரிந்து, மருந்து கொடுத்து, அளந்து, மீண்டும் அளந்தார்கள். நாலாண்டில் மறதி நோய் 15 விழுக்காடு குறைந்தது. 2025இல் இது வெளிவந்தபோது நினைவுக்கு வந்தது எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போகும் திட்டம் அது. இதை மறதி நோய்த் தடுப்பு என்று யாரும் அழைப்பதில்லை. உண்மையில் அது அதுவும்தான்.

சர்க்கரையே வராமல் தடுப்பதற்கும் சென்னையிலிருந்து சான்று உண்டு. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாண்டில் அறிவுரை மட்டும் கேட்டுப் போனவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு. 2006இல் வெளிவந்த கணக்கு. மாத்திரை கொடுத்த பிரிவும் ஏறக்குறைய இதே அளவு பயன்தான் பெற்றது.

ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 வாத நோயாளிகளைப் பார்த்து 2016இல் எழுதியதையும் சொல்லாமல் விட முடியவில்லை. வாதத்துக்குப் பிறகும் புத்தி தெளிவாக இருந்தவர்கள், இரண்டு மொழி பேசுவோரில் 40 விழுக்காடு; ஒரே மொழி பேசுவோரில் 20. வாழ்நாள் முழுதும் பயன்படுத்திய மூளை அடியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்குகிறது. மீன் கணக்குப் போடும் அம்மாவைக் கணக்குப் போட விடுங்கள். அவர் கையிலிருந்து பணப்பையை அன்பினால் வாங்கிவிடாதீர்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது என்று 2023இல் கணக்கிட்டார்கள். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்: 5.3க்கு 8.4. சுகர் ஒரு சீட்டில், வாதம் வேறொரு வார்டில், மறதி வீட்டு மூலையில் என்று பிரிந்து கிடப்பதை முதலில் சேர்த்துப் பார்க்கக்கூடியவர்கள் வீட்டார்தான். அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ சுகர் பார்க்க அழைத்துப் போகும்போது ரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நடை மெதுவானதை, சில்லறையில் தடுமாறுவதை, சும்மா உட்கார்ந்திருப்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் கோணினால், கை துவண்டால் மணியைப் பார்த்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். உங்களுக்கு நாற்பது வயது ஆகியிருந்தால், அவர்களுக்கு அளந்து முடித்ததும் உங்கள் கையையும் நீட்டுங்கள்.